ஓரத்து மாவு

சதுர கேக்கை மூடுவதென்றால் மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வட்டக் கேக் சாது. சர்க்கரை மாவை விரித்து மேலே போட்டுவிட்டு, குழந்தைத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தடவிக்கொண்டே வந்தால் அதுவே வழிக்கு வந்துவிடும். சதுரம் அப்படியில்லை. பக்கங்களை முதலில் ஒட்டிவிட்டால் மிச்ச மாவெல்லாம் மூலைக்கு ஓடிவந்து பாவாடைச் சுருக்கமாக நிற்கும். சுருக்கத்தை இழுத்தால் கிழியும். கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கும் தெரியும். அதனால் காந்தா எப்போதும் மூலையைத்தான் முதலில் பிடிப்பாள். இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணமாகக் குவித்து மூலையின் மேல் வைத்து, மாவை இழுக்காமல், கெஞ்சிக் கெஞ்சிக் கீழே இறக்குவாள். நான்கு மூலையும் படிந்த பிறகுதான் பக்கங்களுக்கு வருவாள்.

ஆஸ்டின் டவுனில் ஜோசஃபின் மேடத்தின் பேக்கரியில் கேக் மூடுகிற வேலை அவளுடையது. முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, நடுவில் ஜன்னலை ஒட்டி ஒரு கருங்கல் மேஜை. மாவு கலக்க, சர்க்கரையில் பூப் பிடிக்க, அட்டைப்பெட்டி மடிக்க ஆட்கள் வருவார்கள், போவார்கள். மேஜைக்கு மட்டும் வருஷக்கணக்காகக் காந்தாதான். கிறிஸ்துமஸ் முடிந்து கல்யாண சீசன் தொடங்கியிருந்தது. தவக்காலம் வருவதற்குள் கன்டோன்மென்டில் ஒரு கிறிஸ்தவப் பெண்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று யாரோ உத்தரவு போட்டது மாதிரி ஆர்டர் குவிந்து கிடந்தது.

மூடி முடித்ததும் கத்தியால் அடியில் சுற்றி வெட்டினால் நான்கு பக்கமும் வெள்ளை நாடாவாக மாவு கழன்று விழும். அந்த ஓரத்து மாவைச் சுருட்டி உருட்டி, ஈரத்துணி போட்ட டின்னுக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும். அடுத்த கேக்குக்கு ஆகும். கோலிக்குண்டு அளவு கீழே விழுந்தாலும் மேடத்துக்குப் பொறுக்காது. சர்ச் உண்டியலில் கைவைத்தது மாதிரி கத்துவார். கத்தி முடித்ததும் தானே குனிந்து எடுத்து, ஊதிப் பார்த்து, டின்னில் போடுவார்.

போன மழைக்காலத்திலிருந்தே காந்தாவின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மரத்துப்போய் இரண்டும் இரண்டு குச்சிகளாகத் தொங்கின. முழங்கைக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. தேமல் என்று சொல்லிக்கொண்டு மஞ்சள் போட்டுப் பார்த்தாள். மாவு சமமாகப் படிந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவித்தான் பார்க்க வேண்டும். அவள் யாருக்கும் தெரியாமல் மணிக்கட்டின் உள்பக்கத்தால் தடவிப் பார்க்கப் பழகியிருந்தாள். கையை அப்படித் திருப்புவதைப் பார்த்து, "இன்னாக்கா, கேக்குக்கு நாடி பாக்கறியா?" என்று பூப் பிடிக்கிற பிரபா கேலி செய்வாள். காந்தாவும் சிரித்து வைப்பாள்.

அன்று காலை மூடிக்கொண்டிருந்தது ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கான கேக். மேல்பக்கத்தில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. மாவுக்கும் கேக்குக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டால் அப்படித்தான் எழும்பும். குண்டூசியால் சாய்வாக ஒரு குத்துக் குத்தி, காற்றை அழுத்தி வெளியேற்றி, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் குண்டூசியை மேஜையில் வைக்கக் கூடாது. எப்போதோ ஒரு ஞானஸ்நானக் கேக்குக்குள் குண்டூசி போய், யாரோ கடித்து, கடை வாசலில் ரகளை ஆகியிருக்கிறது. அன்றிலிருந்து மூடுகிறவள் அதை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேதான் மற்ற வேலையைச் செய்ய வேண்டும். அது இந்தப் பேக்கரியின் சட்டம்.

காந்தா இடுக்கிக்கொண்டு பக்கங்களைத் தேய்க்கத் தொடங்கினாள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் பாதி வந்தபோது, மேஜையின் மறுபக்கத்திலிருந்து பிரபா கையை நீட்டினாள்.

"அக்கா, நில்லு நில்லு. இன்னாக்கா இது?"

வெள்ளை விளிம்பில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. பிரபா பூவுக்குக் கலக்கிய சாயம்தான் தெறித்துவிட்டது என்று காந்தா நினைத்தாள். "உன் கலர்தான் பட்டுட்டுது. ஜல்தி ஒரு ஈரத்துணி குடு" என்றபடி இன்னொரு முறை தேய்த்தாள். கோடு சிவப்பாயிற்று.

"கலர் இல்லக்கா. ரத்தம்."

காந்தா முதலில் பிரபாவின் கையைத்தான் பார்த்தாள். "எங்கடி வெட்டிக்கின?" என்று கேட்டாள். பிரபா காந்தாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டூசி எப்படியோ திரும்பி, சுண்டு விரலின் சதைக்குள் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. கண்ணாடித் தலை மட்டும் வெளியே இருந்தது. அந்தக் கையால்தான் அவள் ஒன்றரைப் பக்கம் தேய்த்திருக்கிறாள்.

அதற்குள் ஜோசஃபின் மேடம் கடையிலிருந்து உள்ளே வந்துவிட்டார். காந்தா ஊசியைப் பிடுங்கினாள். வேறு யாருடைய விரலிலிருந்தோ பிடுங்குவது போல இருந்தது. ரத்தம் துளிர்த்துக் கருங்கல்லில் சொட்டியது.

"வலிக்கலியா உனக்கு?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். ஒண்ணும் இல்ல. மேல மட்டும் வழிச்சிட்டு புதுசா போட்டுடறேன்."

வலிக்குது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஐயோ என்று ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். கேக் பாழாகிவிட்டதே என்ற பதற்றத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. மேடத்தின் முகம் மாறியது. சின்ன வயதில் சர்ச் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழுநோய் இல்லத்துக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். வலிக்காத கைகளை அங்கே பார்த்திருக்கிறார்.

"முந்தானைய சரி பண்ணிக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா."

ஒரே ஆட்டோவில்தான் போனார்கள். மேடம் வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு கேக் மூடுகிறவளுக்காகக் கல்யாண சீசனில் கடையை விட்டுவிட்டு வருகிறாரே என்று காந்தாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இந்த அம்மாவுக்குக் கடைசிவரை உழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு டாக்டர் ஒரு கன்னடக்காரப் பெண். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பால்பாயின்ட் பேனாவின் முனையால் காந்தாவின் கையில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை இடது கை விரலால் காட்ட வேண்டும்.

"இங்கே?" என்று கேட்டார். காந்தா தோளுக்குக் கீழே காட்டினாள்.

"இங்கே?" காந்தா உள்ளங்கையைக் காட்டினாள்.

அப்புறம் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆரம்பித்தாரா இல்லையா என்று தெரியாமல் காந்தா கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்தாள். "தொடுங்கம்மா" என்றாள். பக்கத்தில் மேடம் ஏசுவே என்று முனகியது கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது பேனாவின் முனை சுண்டு விரலின் மேல் அழுந்திக்கொண்டிருந்தது.

டாக்டர் வியாதியின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். பிறகு கன்னடமும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசினார். "பயப்படாதீங்கம்மா. இது அந்தக் காலம் இல்ல. ஒரு வருஷம் மாத்ரெ சாப்பிட்டா சுத்தமா குணமாயிடும். மாத்ரெ ஃப்ரீ. மொதல் டோஸ் உள்ள போனாலே அடுத்தவங்களுக்கு ஒட்டறது நின்னுடும். கொஞ்ச நாள் தோல் கறுக்கும், மூத்திரம் சிவப்பா போகும், அது மருந்தோட வேலைதான். மரத்த விரலை மட்டும் சூட்டுலேர்ந்து, ஊசிலேர்ந்து பாத்துக்கணும்."

"வேலைக்குப் போலாமா டாக்டர்?" என்று காந்தா கேட்டாள். அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஏன் போகக் கூடாது? எல்லா வேலையும் செய்யலாம்." டாக்டர் மேடத்தைப் பார்த்தும் சொன்னார். "நீங்கதானே ஓனர்? பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல."

மேடம் தலையாட்டினார். காந்தா அங்கேயே, நர்ஸ் முன்னால், முதல் மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். வாசலுக்கு வந்ததும் மேடம் ஒரு ஆட்டோவை நிறுத்தினார். காந்தா ஏறி, ஓரமாக நகர்ந்து, மேடத்துக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். மேடம் ஏறவில்லை. டிரைவரிடம் ஸ்ரீராம்புரம் என்று சொல்லிப் பணம் கொடுத்தார். "நீ வீட்டுக்குப் போ காந்தா. நான் வேற ஆட்டோல போய்க்கறேன்" என்றார். வண்டி கிளம்பியபோது அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் புருஷன் முனியப்பன் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் அவனுக்கு மூச்சு வராது. மில்லில் பஞ்சுப் பிரிவில் வேலை பார்த்தவன். மில்லை மூடியபோது வேலை போயிற்று. பஞ்சு மட்டும் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் இரண்டு தரம் உட்கார வேண்டும் என்கிற ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? வீட்டு வாடகை, அரிசி, அவன் இழுக்கிற மருந்து எல்லாம் அந்தக் கருங்கல் மேஜையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

காந்தா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"குஷ்டமா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, முனியப்பன் பயந்துபோய்க் கதவைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஒரு செங்கல் அகலம்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "யாருக்கும் தெரிய வாணாம். உங்க அண்ணனுக்குக்கூட வாணாம்."

"உனுக்கு ஒட்டாதாம்யா. மாத்திர முழுங்கிட்டேன்."

"பஞ்சு தின்ன நெஞ்சு எனுது. புதுசா இன்னா ஒட்டிக்கப் போவுது?"

அவள் தனக்கென்று எடுத்து வைத்த தட்டை அவன் பிடுங்கித் தள்ளி வைத்தான். தன் தட்டிலேயே சோற்றைப் போடச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை.  காந்தா வாயில் சோற்றோடு அழுதாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று அவன் காத்திருந்துவிட்டு, வீட்டில் உள்ள அத்தனை பயத்தையும் ஒரே வார்த்தையில் கேட்டான்.

"வேல?"

மறுநாள் காலையில் பேக்கரியின் பக்கவாட்டு கேட்டிலேயே மேடம் நின்றுகொண்டிருந்தார். கேட் உள்பக்கம் தாழ்போட்டிருந்தது. காந்தா வெளியே நின்றாள்.

"டாக்டர் சொன்னாங்களே மேடம், எல்லா வேலையும் செய்யலாம்னு. நீங்களும்தானே கேட்டீங்க."

"கேட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல காந்தா, நான் நம்பறேன். ஆனா ஒரு கஸ்டமர் காதுல விழுந்தா? அப்பா ஆரம்பிச்ச பேக்கரி. பூட்டுதான் போடணும். உன் ஒருத்திக்காக உள்ள இருக்கறவங்க எல்லாரும் ரோட்டுக்கு வரணுமா, சொல்லு."

"யார் சொல்லப் போறாங்க? எனுக்கும் உங்களுக்கும்தானே தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியுமே."

காந்தா குனிந்தாள். கம்பிக்குள் கையை விட்டு மேடத்தின் காலைத் தொடப் போனாள். மேடம் சட்டென்று பின்னால் நகர்ந்தார். நகர்ந்த வேகத்தில் ஒரு பூந்தொட்டி சாய்ந்தது.

"வூட்டுக்காரரு மூச்சு விட முடியாம கெடக்கறாரு மேடம். தொரத்திடாதீங்க. பெருக்கறேன். தட்டு கழுவறேன்."

"தட்டா?"

"அது வாணாம்னா வாசல் கூட்டறேன். எதுனா ஒண்ணு குடுங்க. மேஜைகூட வாணாம்."

மேஜை வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். மேடம் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். வராந்தாவில் அடுக்கியிருந்த தெர்மாகோல் கட்டிகள் மேல் அவர் பார்வை போனது. பிறகு, பிரார்த்தனைக்குப் பதில் கிடைத்துவிட்டது மாதிரி முகம் தெளிந்து, "டம்மி" என்றார்.

நான்கு அடுக்குக் கல்யாணக் கேக்கில் ஒரே ஒரு அடுக்குதான் நிஜம். மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தி வைக்கிற அடுக்கு அது. மற்றதெல்லாம் தெர்மாகோல். மேலே அதே சர்க்கரை மாவைப் போர்த்தி, பூ வைத்து அடுக்கினால் போட்டோவில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடிந்ததும் டம்மி திரும்பி வரும். தூசி படிந்த மாவை உரித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் புதிதாக மூடுவார்கள்.

"அத யாரும் சாப்பிடறதில்லையே காந்தா. நீ பின்னாடி ஷெட்ல உக்காந்து டம்மி மட்டும் மூடு. உள்ள வர வேண்டாம். அலர்ஜின்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன்."

காந்தா கும்பிட்டாள். அந்த நேரத்தில் அது பெரிய வரமாகத்தான் தெரிந்தது.

ஷெட் என்பது முன்பு விறகு போட்டு வைத்திருந்த இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் ஏறினால் மாவு பிசுபிசுவென்று கையோடு வரும். காற்று அடித்தால் காய்ந்து யானைத்தோல் மாதிரி வெடிக்கும். பலகையைச் செங்கல் மேல் வைத்து மேஜை ஆக்கிக்கொண்டாள். அவளுக்குத் தனி டின், தனி உருட்டுக் கட்டை. ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர். பிரபா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து, டம்ளரில் படாமல் மேலேயிருந்து ஊற்றிவிட்டுப் போவாள். அலர்ஜியாம் என்று முதல் வாரம் வருத்தப்பட்டவள், அடுத்த வாரம் எதையோ கேள்விப்பட்டவள் மாதிரி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காந்தாவின் முகம் மருந்தில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

தெர்மாகோல் ஒருவிதத்தில் நல்லது. மூலை கூராக, சொன்னபடி நிற்கும். கேக் மாதிரி உதிராது, சாயாது. காந்தா நிஜக் கேக்குக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தாள். மூலையைக் கிண்ணமாகப் பிடித்தாள், மணிக்கட்டால் தடவிப் பார்த்தாள், கொப்புளத்தைக் குத்தினாள். அவ்வளவு வேண்டியதில்லை. ஆனாலும் டம்மி எப்படி இருக்கிறதென்று மேடம் பார்ப்பார் அல்லவா? பார்த்து, கை கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு நாள் உள்ளே கூப்பிடுவார் அல்லவா? அந்த நினைப்பில்தான் நாட்கள் போயின.

ஆனால் நாட்கள் அதிகம் இல்லை. சாம்பல் புதன் வந்தால் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் நான்கு அடுக்குக் கேக் இல்லை. டம்மியும் இல்லை. அந்த நாற்பது நாளும் பேக்கரி பிறந்தநாள் கேக்கிலும் பன்னிலும் ஓடும். அதெல்லாம் ஜனங்கள் சாப்பிடுவது. "அதுக்குள்ள உள்ள கூப்டுடுவாங்க" என்று முனியப்பனிடம் தினமும் சொன்னாள். அவனும் ஆமாம் ஆமாம் என்றான். மருந்து இழுக்கிற நேரத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் காலி ஆகாமல் பார்த்துக்கொண்டான்.

தவக்காலத்துக்கு முந்தின கடைசிச் சனிக்கிழமை. சாயங்காலம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பெண்ணின் அம்மா ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தைக் காட்டி, பூ வேண்டாம், அலங்காரம் வேண்டாம், சும்மா வெள்ளை வெளேரென்று கத்தி முனை மாதிரி விளிம்போடு சதுர கேக் வேண்டும் என்று கேட்டிருந்தார். கீழ் அடுக்குகளைக் காந்தா முதல் நாளே மூடிவிட்டாள். அவை காலையிலேயே மண்டபத்துக்குப் போயாயிற்று. மேல் அடுக்கு நிஜம். அது பிரபாவின் பொறுப்பு.

மத்தியானம் உள்ளேயிருந்து மேடம் கத்துவது ஷெட்டுக்குக் கேட்டது. உருட்டுக் கட்டை உருளும் சத்தம். மறுபடியும் கத்தல். இந்த முறை பிரபா அழுவதும் கேட்டது. மூலை கிழிந்திருக்கும். பூ இருந்தால் கிழிசலின் மேல் ஒரு பூவை வைத்து மறைத்திருக்கலாம். பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே. காந்தா வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே போக எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பின்கட்டுக் கதவு திறந்தது. மேடமே பலகையோடு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பிரபா, வீங்கிய கண்ணோடு, நல்ல மாவு உருண்டையைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மேடம் உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். திராட்சையும் ரம்மும் கலந்த வாசனை ஷெட்டை நிறைத்தது. இத்தனை நாளாகத் தெர்மாகோலை மட்டும் முகர்ந்திருந்த காந்தாவுக்கு அந்த வாசனையில் கண் கலங்கியது.

"இதையும் டம்மின்னு நெனச்சுக்கோ" என்றார் மேடம். "ரெண்டு தடவையும் மூலைய கிழிச்சுட்டா. கார் வந்துடும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. இந்தா, கிளவுஸ்."

காந்தா கேக்கைத் தொடவில்லை. "இத முடிச்சிட்டா திங்கக்கெழமலேர்ந்து உள்ள வந்துடட்டுமா மேடம்?"

"மொதல்ல முடி காந்தா. அப்புறம் பேசலாம். ஜல்தி."

பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு மாவை விரித்தாள். உருட்டுக் கட்டையில் சுருட்டி எடுத்து, கேக்கின் மேல் பிரித்து விட்டாள். முதல் மூலையைப் பிடித்ததும் கையுறை மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விலக்கியபோது அதன் மடிப்பு ஈர மாவில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. கார்ன்ஃப்ளோரில் தோய்த்துப் பார்த்தாள். கோடு இன்னும் ஆழமாக விழுந்தது.

மேடம் குனிந்து பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடியும் மூலையைப் பார்த்தார்.

"கழட்டிடு" என்றார்.

"மேடம்?"

"கிளவுஸ கழட்டிடு. கோடு விழுது. வெறும் கையாலயே பண்ணு."

காந்தா கழற்றினாள். வெறும் உள்ளங்கைகளைக் குவித்து மூலையின் மேல் வைத்தாள். சூடு பட்டதும் மாவு இளகிக்கொடுத்தது. மரத்த விரல்களைத் தூக்கிக்கொண்டு, உணர்ச்சி உள்ள விரல்களால் கெஞ்சிக் கெஞ்சி இறக்கினாள். ஒரு மூலை படிந்தது, அடுத்தது படிந்தது. இத்தனை நாள் தெர்மாகோலில் பழகியதில் கை இன்னும் சுத்தமாகியிருந்தது. மேலே ஒரு கொப்புளம் எழும்பியது. குத்திவிட்டு, குண்டூசியை இடுக்கப் போன கையை நிறுத்தினாள். மேஜையிலும் வைக்கக் கூடாது. "ஒரு நிமிசம் புடிங்க மேடம்" என்று நீட்டினாள். மேடம் காதில் விழாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காந்தா அதைத் தன் தோள் முந்தானையில் குத்திக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள்.

கடைசியாக மணிக்கட்டால் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள். எங்கும் தடங்கல் இல்லை. விளிம்பு கேட்டபடியே கூராக நின்றது. கத்தியால் அடியில் சுற்றி வெட்டினாள். ஓரத்து மாவு நான்கு வெள்ளை நாடாக்களாகப் பலகையில் விழுந்தது.

"என் ராசாத்தி, மானத்தைக் காப்பாத்திட்டே" என்றார் மேடம். தட்டிக்கொடுக்கத் தூக்கிய கை, பாதியில் திரும்பிக் கேக் பலகையைப் பிடித்துக்கொண்டது.

"திங்கக்கெழம மேடம்..."

"அவசரப்படாதே காந்தா. இனிமே டம்மி வேலையும் இல்ல. ஈஸ்டர் வரைக்கும் வீட்ல நல்லா ரெஸ்ட் எடு. வேணும்னா சொல்லியனுப்பறேன்." கேக்கைத் தூக்கிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து போய்விட்டார்.

காந்தா அசையாமல் நின்றாள். ஈஸ்டர் வரைக்கும் ரெஸ்ட். வேணும்னா. முனியப்பன் இன்றைக்கும் மருந்தைத் தள்ளிப் போட்டிருப்பான். வீட்டுக்குப் போய் அவனிடம் என்ன சொல்வது? கை மட்டும் பழக்கத்தில் ஓரத்து மாவைச் சுருட்டி உருட்டத் தொடங்கியது. உள்ளே கொண்டுபோய்ப் போட வேண்டிய நல்ல மாவு. வாசலில் நின்ற பிரபாவிடம் நீட்டினாள்.

பிரபா கையை நீட்டியதும் வராந்தாவிலிருந்து மேடம் கத்தினார். "பிரபா! அத தொடாதே! டின்ல போட்டுடாதே, அவ கை பட்டது. பேப்பர்ல வாங்கி அப்படியே சாக்கடைல போடு. போட்டுட்டு சோப்பு போட்டுக் கை கழுவு."

பக்கவாட்டு கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. பெண்ணின் அம்மா பட்டுப்புடவையோடு இறங்கி வந்து, மேடத்தின் கையில் இருந்த கேக்கைக் குனிந்து பார்த்தார். மூலையை ஒரு விரலால் மெல்லத் தடவினார். "ப்யூட்டிஃபுல் ஜோசஃபின், சலவைக்கல் மாதிரி இருக்கு" என்றார். விரலில் ஒட்டிய இனிப்பை நாக்கில் வைத்துக்கொண்டே பின்சீட்டில் ஏறி, கேக்கை மடியில் வாங்கிக்கொண்டார்.

பிரபா பழைய பேப்பரை இரண்டாக மடித்துக் காந்தாவின் முன்னால் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. காந்தா உருண்டையை அதில் வைத்தாள். பிரபா நடந்துபோய் ஷெட் ஓரத்துச் சாக்கடையில் பேப்பரைச் சாய்த்தாள். உருண்டை கறுப்புத் தண்ணீரில் விழுந்து, பாதி மூழ்கி, சர்க்கரை கரைந்து வெள்ளையாகக் கலங்க ஆரம்பித்தது. பிரபா குழாயைத் திறந்து கை கழுவினாள். கார் கிளம்பிப் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.